பராமரிப்பு விவாதிக்கப்பட்டது

ஜூலை 5

அன்புள்ள சின்னு,

கையெழுத்தைப் பார்த்ததுமே உறையை ஓரமாக வைத்துவிடாதே. இரண்டு வருஷமாக உன் அண்ணன் உன்னோடு பேசுவதில்லை. அவரோடு சேர்ந்து நானும் வாயை மூடிக்கொண்டேன். அது என் கோழைத்தனம். மிதவைச் சட்டைகள் குறைகின்றன என்று எங்கள் படகுக் கம்பெனியின் விண்ணப்பத்தைத் துறைமுக அலுவலகத்திலிருந்து நீ திருப்பி அனுப்பியது சரிதான் என்று அன்றே எனக்குத் தெரியும். போனில் சொல்லியிருக்கலாம். உன் பெயர் திரையில் வந்தாலே அவர் முகம் சுருங்கிவிடும் என்று சும்மா இருந்துவிட்டேன். இப்போது உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

வியாழக்கிழமை எங்கள் போர்டு மீட்டிங். செயலாளர் என்பதால் எப்போதும்போல மூலையில் உட்கார்ந்து கூட்டத்தின் மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தேன். படகுப் பராமரிப்பு பற்றிய பேச்சு வந்ததும் தலைமைப் பொறியாளரைக் கூப்பிட்டார்கள். உன் அண்ணன் எழுந்து நின்று சொன்னதை அப்படியே எழுதினேன்.

"ரெண்டாம் நம்பர் படகோட அடித்தகடு ஆறு மில்லிமீட்டர் இருக்கணும். இஞ்சினுக்குக் கீழே நாலு இடத்துல ரெண்டரைதான் இருக்கு. சுத்தியால தட்டினா தகர டப்பா மாதிரி சத்தம் வருது. உடனே கரையேத்தித் தகடு மாத்தணும். ரெண்டு மாசம் ஆகும்."

பெரியவர் பேனாவை மூடி வைத்தார். எங்கள் சேர்மனைத்தான் சொல்கிறேன், அவரை அப்படித்தான் எல்லோரும் கூப்பிடுகிறோம். "பள்ளிக்கூடம் திறந்தாச்சு. அக்கரைக்குப் போற கூட்டத்தை ஒரே படகை வெச்சு எப்படித் தள்றது? மூணு மாசம் போகட்டும்."

வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட உறுப்பினர் டாக்டரம்மா மட்டும், "அதுல ஒரு நடைக்கு எத்தனை பேர்?" என்று கேட்டார். "நூத்தி நாப்பது" என்றார் உன் அண்ணன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தேநீர் வந்தது.

மறுநாள் பெரியவர் தன் அறைக்குக் கூப்பிட்டு என் குறிப்பைத் திருப்பிக் கொடுத்தார். "மினிட்ஸ்னா சுருக்கமா இருக்கணும்மா. யார் என்ன சொன்னாங்கன்னு நாடகம் எழுதக் கூடாது." நான் எழுதிய பத்தியைக் குறுக்கே அடித்துவிட்டு, மேலே தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தார். 'இரண்டாம் படகின் பராமரிப்பு விவாதிக்கப்பட்டது.'

அதுகூடப் பெரிதில்லை சின்னு. சாயங்காலம் வீட்டுக்கு வந்த உன் அண்ணன், செருப்பைக் கழற்றும் முன்பே, "நான் சொன்னதை எடுத்துடு" என்றார். ஏன் என்று கேட்டேன். மென்று விழுங்கினார். அன்று மதியம்தான் படகின் தகுதிச் சான்றிதழுக்கான வருடாந்திரப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். 'அடித்தகடு உறுதியாக உள்ளது.' பெரியவர் பக்கத்திலேயே நின்று போட வைத்தாராம். வியாழக்கிழமை அவர் பேசியது என் குறிப்பில் இருந்தால், வெள்ளிக்கிழமை அவர் போட்ட கையெழுத்து பொய்.

அந்தப் படிவம் உங்கள் துறைமுக அலுவலகத்துக்குத்தான் வருகிறது. உன் மேசைக்கு வருமா? நான் என்ன செய்யட்டும்? அடித்த குறிப்பும் அடிக்காத பிரதியும் என் கைப்பையில் இருக்கின்றன. பை கனக்கிறது என்றால் நீ சிரிப்பாய்.

அண்ணி


ஜூலை 8

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் நேற்று கிடைத்தது. நீங்கள் இதை எனக்கு எழுதியிருக்கக் கூடாது. கோபத்தில் சொல்லவில்லை என்று எழுதப் போனேன். கோபம்தான்.

மிதவைச் சட்டை விவகாரத்துக்குப் பிறகு, அண்ணன் வேலை பார்க்கும் கம்பெனியின் எந்தக் கோப்பும் என்னிடம் வரக் கூடாது என்று நானே எழுதிக் கொடுத்தேன். திருப்பி அனுப்பினால் பழிவாங்கல் என்பார்கள், அனுமதித்தால் சலுகை என்பார்கள். ஆகவே உங்கள் விண்ணப்பம் பக்கத்து மேசை ஆய்வாளரிடம் போயிருக்கிறது, கண்ணாடிக்காரர் என்று கூப்பிடுவோமே, அவரிடம். ஆய்வுக்கு அவர்தான் வருவார். நான் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நீங்கள் பின்வாசல் வழியாக வந்து எல்லாவற்றையும் என் மடியில் கொட்டிவிட்டீர்கள். தெரிந்துவிட்டதை இனி எப்படித் தெரியாததாக்குவது?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். குறிப்பில் ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள். மினிட்ஸ் பெரியவரின் சொந்தச் சொத்து இல்லை. அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் எல்லோரும் கேட்டு ஒப்புக்கொண்டால்தான் அது பதிவு. அதற்கு முன்னால் தனி ஒருவர் அடிக்க முடியாது. பிறகு, நீங்கள் கம்பெனிச் செயலாளர். அந்தப் பொறுப்பில் இருந்துகொண்டு எங்கள் அலுவலகத்துக்கு முறையாக எழுதுங்கள். எனக்கல்ல, அலுவலகத்துக்கு. வியாழக்கிழமைக்குள்.

எழுதாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தாலும் பைக்குள் இருக்கும் உங்கள் கடிதத்தின் மேல்தான் கை போகிறது.

என் மருமகள் வாலு எப்படி இருக்கிறாள்? அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குத்தானே போகிறாள்? எந்தப் படகில்?

சின்னு


ஜூலை 10

சின்னு,

எந்தப் படகில் என்று கேட்டிருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாம் நம்பரில்தான். காலை எட்டு மணி நடை. ஆனால் போன வெள்ளிக்கிழமையோடு சரி. திங்கள்கிழமையிலிருந்து அவளை பஸ்ஸில் அனுப்புகிறேன். பாலத்தைச் சுற்றிக்கொண்டு போக ஒன்றரை மணி நேரம். யாராவது கேட்டால் படகில் தலை சுற்றுகிறது என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். பத்து வயதுப் பெண்ணுக்கு நானே பொய் சொல்லிக் கொடுக்கிறேன்.

எதிர்வீட்டுக்காரியின் இரட்டைப் பையன்கள் வாலுவின் வகுப்புதான். நேற்று அவள் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அஞ்சு வருஷமாச் சுத்தாத தலை இப்ப எங்கேருந்து சுத்துது உன் பொண்ணுக்கு?" நான் சிரித்து மழுப்பினேன். பேசிக்கொண்டே பையன்களுக்குத் தலை சீவிவிட்டு, பையை மாட்டி, படகுக்கு அனுப்பினாள். இரண்டு பேரும் தெருமுனையில் திரும்பி எனக்கும் சேர்த்துக் கையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். என் பெண்ணை இறக்கிவிட்டுவிட்டு, ஊர்ப் பிள்ளைகள் ஏறுவதை வேடிக்கை பார்க்கிறேன். இதற்கு என்ன பெயர் சொல்வது?

இன்று உங்கள் கண்ணாடிக்காரர் வந்தார். மேல்தளத்தில் நடந்தார். மிதவைச் சட்டைகளை எண்ணினார். இப்போது அவை சரியாக இருக்கின்றன, உன் புண்ணியம். தீயணைப்புக் கருவியின் தேதியைப் பார்த்தார். பெரியவரின் அறையில் தேநீர் குடித்தார். நாற்பது நிமிஷத்தில் கிளம்பிவிட்டார். தண்ணீருக்குக் கீழே இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் அண்ணன் பக்கத்திலேயே நின்றார். கண்ணாடிக்காரர் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்ற மாதிரிதான் எனக்குப் பட்டது.

முறையாக எழுது என்கிறாய். மூன்று தடவை எழுதினேன். 'நிறுவனச் செயலாளர் என்ற முறையில்' என்று ஆரம்பித்தால், அடுத்த வரியில் உன் அண்ணன் வந்து நிற்கிறார். 'தலைமைப் பொறியாளர் தவறான உறுதிமொழியில் கையெழுத்திட்டுள்ளார்.' இதை எந்தப் பெண்டாட்டி எழுதுவாள்? அவர் உரிமம் போகும். அந்த வேலையைத் தவிர அவருக்கு வேறு என்ன தெரியும்? இப்போதே தட்டில் சோற்றால் கோலம் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்.

நான் நாத்தனாருக்குத்தான் எழுதினேன். அதிகாரிக்கு எழுதவில்லை. கொஞ்சம் பொறு.

அண்ணி


ஜூலை 12

அன்புள்ள அண்ணிக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வியாழன் வரை காத்திருந்தேன். உங்களிடமிருந்து அலுவலகத்துக்கு எதுவும் வரவில்லை. நேற்று காலை, நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதத்தைத் தபால் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, கோப்பில் சேர்த்துவிட்டேன்.

உங்கள் பெயரை மறைக்கவில்லை. மறைத்தால் அது மொட்டைக் கடிதம், நேராகக் குப்பைக் கூடைக்குப் போகும். 'அது என் கோழைத்தனம்' என்ற வரிகூட அப்படியே இருக்கிறது. அதை நாலு குமாஸ்தாக்கள் படிப்பார்கள் என்று தெரிந்தே முத்திரை குத்தினேன்.

காரணம் இதுதான். கண்ணாடிக்காரரின் அறிக்கை தயாராகி மேலே போய்விட்டது. 'படகு நல்ல நிலையில் உள்ளது. சான்றிதழ் வழங்கலாம்.' மேலதிகாரி பேனாவைத் திறந்திருந்தார். நான் உங்கள் கடிதத்தை அந்த அறிக்கையின் மேல் வைத்தேன். முழுதும் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"குடும்ப விஷயத்தை ஏம்மா கோப்புக்குள்ள கொண்டுவர்றீங்க?"

"நூத்தி நாப்பது பேர் எங்க குடும்பம் இல்ல சார்."

"இந்தக் கம்பெனி கோப்பைத் தொட மாட்டேன்னு எழுதிக் கொடுத்தது நீங்கதானே? இப்ப நீங்களே கையை விட்டா என்ன அர்த்தம்?"

நியாயமான கேள்வி. "நான் முடிவு எடுக்கலை சார். எனக்குத் தெரிஞ்சதை ஒப்படைக்கிறேன். முடிவு நீங்க எடுங்க."

"உங்க அண்ணன் உரிமம் போகும்."

"தெரியும் சார்."

அவர் பேனாவை மூடினார். இதுவரை நடந்தது அவ்வளவுதான்.

உங்கள் இரண்டாவது கடிதம் இன்று காலை வந்தது. கொஞ்சம் பொறு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் பிந்திவிட்டது. முந்தி வந்திருந்தால் பொறுத்திருப்பேனோ என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

சின்னு


ஜூலை 17

அதிகாரி அவர்களுக்கு,

இனி உன்னை அப்படித்தானே கூப்பிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை உங்கள் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுத் தபால் வந்தது. என் கடிதத்தின் நகலையும் இணைத்திருந்தார்கள். பெரியவர் என்னையும் உன் அண்ணனையும் நிற்க வைத்து அதைச் சத்தமாக வாசித்தார். 'செருப்பைக் கழற்றும் முன்பே' என்ற இடத்தில் நிறுத்தினார். "வீட்டுல நடக்கிறதெல்லாம் கவர்மென்ட்டுக்குப் போயிடுதாப்பா?" உன் அண்ணன் தரையைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டு, அடுத்த மீட்டிங் வரை அலுவலகப் பக்கம் வர வேண்டாம் என்றார்கள். மினிட்ஸ் நோட்டு உள்ளே மாட்டிக்கொண்டது. நல்லவேளை, என் பிரதி கைப்பையில் இருந்தது. பையைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டில் அவர் என்னோடு பேசுவது நின்றுவிட்டது. வாலுவை வைத்துப் பேசுகிறார். "சட்டை எங்கேன்னு அம்மாகிட்ட கேளு." அலமாரி அவர் எதிரிலேயே இருக்கிறது. அவள் நடுவில் நின்று இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

உன் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று என்னைத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிட்டாய் சின்னு. செய்ததைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர் பெரியவர் வாயால் கேட்பதற்கு முன்னால் என் வாயால் கேட்டிருப்பார்.

இத்தனைக்கும் படகு ஓடுகிறது. பழைய சான்றிதழ் இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி வரை செல்லுமாம். வேலை இல்லாததால் காலையில் படகுத்துறைக்குப் போய் நிற்கிறேன். ஏறும் தலைகளை எண்ணுகிறேன். நேற்று நூற்று அறுபத்திரண்டு. காற்று வேறு. நடு ஆற்றில் படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. பயணிகள் சிரித்துக்கொண்டே கம்பியைப் பிடிப்பது கரையிலிருந்தே தெரிந்தது. அக்கரையில் கடைசி ஆள் இறங்கும்வரை நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

அங்கிருந்து நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கையில் ஈரத்துணியோடு கேட்டுக்கொண்டு நின்றாள்.

"எத்தனை நாளா உனக்குத் தெரியும்?"

"பதிமூணு நாளா."

"உன் பொண்ணை எப்போ நிறுத்தினே?"

"ஒன்பது நாளாச்சு."

கையிலிருந்த ஈரத்துணியை வாளியில் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

இன்று காலை பஸ் நிறுத்தத்தில் பதினொரு பிள்ளைகள் நின்றார்கள். இரட்டைப் பையன்களும்தான். அவள் என்னைத் தாண்டிக்கொண்டு போனாள், நான் ஒரு விளக்குக் கம்பம் என்பதுபோல. கம்பெனி பெயரைக் கெடுத்ததாக என் மேல் வழக்குப் போடப் போவதாகப் பெரியவர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

பதில் எழுதினால் எழுது.

அண்ணி


ஜூலை 20

அன்புள்ள அண்ணிக்கு,

முன்கூட்டிச் சொல்லாதது தவறு. சொன்னால் நீங்கள் வேண்டாம் என்பீர்கள், நானும் இணங்கிவிடுவேன் என்று பயந்தேன். விதி, முறை என்று நான் பேசுவதில் பாதி அந்தப் பயம்தான். என்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

என்னைப் பழைய கோப்பு அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. தும்மிக்கொண்டே எழுதுகிறேன். மேலதிகாரி உங்கள் கோப்பில் எதுவும் எழுதாமல் லீவில் போய்விட்டார். வெள்ளிக்கிழமை திரும்புகிறார். உங்கள் கடிதம் கோபத்தில் இருக்கும் ஒரு மனைவியின் மனக்குறை என்று குறித்துவிட்டுச் சான்றிதழ் கொடுத்துவிடலாம். அப்படிச் செய்யச் சொல்லிக் கொடுப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். கண்ணாடிக்காரர் கெட்டவர் இல்லை. அவர் மேசையில் எழுபது படகுகள். படிவத்தில் கட்டம் இருந்தால் டிக் அடிப்பார், படகைக் கரையேற்றி அடித்தகட்டைப் பார்க்கக் கட்டமே இல்லை.

இரண்டு வழிகள் இருக்கின்றன. படிவத்தின் பின்பக்கம் சின்ன எழுத்தில் ஒன்று இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. உறுதிமொழி கொடுத்த பொறியாளர், புதிய சான்றிதழ் வழங்கப்படும் முன் அதை எழுத்து மூலம் திரும்பப் பெறலாம். பெற்றால் அந்த நேரத்திலிருந்தே படகு நிற்க வேண்டும், பழைய சான்றிதழ் கையில் இருந்தாலும். இதை அண்ணன் ஒருவரால்தான் செய்ய முடியும்.

இன்னொன்று டாக்டரம்மா. அவரிடம் பேசுங்கள். செயலாளரை விலக்குவதற்குப் போர்டின் தீர்மானம் வேண்டும். சாவியைப் பிடுங்கினால் போதாது. வரும் வியாழன் கூட்டத்தில் நீங்கள் போய் உங்கள் இடத்தில் உட்காரலாம். போன கூட்டத்தின் குறிப்பை அங்கே வாசித்தே ஆக வேண்டும். ஒரே ஒரு உறுப்பினர் இது சரியில்லை என்றால் போதும், அசலை வாசிக்க வைக்கலாம்.

அண்ணனிடம் என்னால் சொல்ல முடியாது. நீங்கள் சொல்லுங்கள். முடியாவிட்டால் இந்தக் கடிதத்தை மேசைமேல் திறந்து வைத்துவிடுங்கள். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கும் பழக்கம் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

சின்னு


ஜூலை 26

சின்னு,

மேசைமேல் திறந்து வைத்தேன். படித்தாரா என்று தெரியவில்லை. மடிப்பு மட்டும் மாறியிருந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் போய் என் மூலையில் உட்கார்ந்தேன். "உங்களை வர வேண்டாம்னு சொல்லியிருந்தோமே" என்றார் பெரியவர். நான் எழுந்திருக்கவில்லை. "போர்டு தீர்மானம் இருந்தா காட்டுங்க சார், போயிடறேன்." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன கூட்டத்தின் குறிப்பைத் தானே வாசித்தார். 'இரண்டாம் படகின் பராமரிப்பு விவாதிக்கப்பட்டது.' "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று பக்கத்தைப் புரட்டப் போனார்.

"எனக்கு இல்ல" என்றார் டாக்டரம்மா.

முந்தின நாள் அவர் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் அழுதிருந்தேன். தேநீர் மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார். அதனால் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

"அன்னிக்கு நான் ஒரு கேள்வி கேட்டேன், அது இதுல இல்ல. நூத்தி நாப்பதுன்னு பதில் வந்துச்சு, அதுவும் இல்ல. அதுக்கப்புறம் நான் வாயை மூடிக்கிட்டேன், அது என் தப்பு. என்னை இங்க உட்கார வெச்சதே கேட்கறதுக்குத்தான். செயலாளர்கிட்ட அசல் இருந்தா வாசிக்கட்டும்."

வாசித்தேன். 'தகர டப்பா' என்ற இடத்தில் யாரோ இருமினார்கள். முடித்ததும் பெரியவர் உன் அண்ணனைப் பார்த்தார். "இப்படிச் சொன்னீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. உங்க கையெழுத்து வேற மாதிரி சொல்லுது."

அவர் என்ன சொல்லப் போகிறார் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது சின்னு. பதினைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். தெரியாது.

"சொன்னேன் சார். மறுநாள் கையெழுத்தும் போட்டேன். ரெண்டும் நான்தான்." சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். "அதைத் திரும்ப வாங்கிக்கறேன்னு காலையிலேயே துறைமுக ஆபீஸுக்கு அனுப்பிட்டேன். இது கம்பெனிக்குக் காப்பி. படகு அக்கரையில நிக்குது. ஆளேத்தாம காலியாத் திரும்பச் சொல்லியிருக்கேன்."

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?"

"யாரையும் கேட்க வேண்டியதில்ல சார். படிவத்தோட பின்பக்கம் இருக்கு."

நேற்று படகைக் கரையேற்றினார்கள். ஊரில் பாதிப் பேர் துறையில் நின்றார்கள். அடியில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டிக்கொண்டு வந்தார்கள். இஞ்சினுக்குக் கீழே வந்தபோது சுரண்டியின் முனை அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. யாரும் ஓங்கிக் குத்தவில்லை. உருவியபோது கட்டைவிரல் அளவுக்கு ஓட்டை. இஞ்சின் அறையில் எரிந்துகொண்டிருந்த பல்பு அதன் வழியாகத் தெரிந்தது. பெரியவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "வெல்டிங் ஆளைக் கூப்பிடுங்க" என்றார். எதிர்வீட்டுக்காரியும் வந்திருந்தாள். ஓட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பையன்களை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பெரியவர் இன்னும் சேர்மன்தான். வழக்குப் பேச்சு மட்டும் அடங்கிவிட்டது. இனிமேல் குறிப்பைக் கூட்டம் கலைவதற்கு முன்பே வாசித்து எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று டாக்டரம்மா வியாழக்கிழமையே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நிறைவேறியது. அதை எழுதிவிட்டு, அடியிலேயே என் ராஜினாமாவையும் எழுதிக் கொடுத்தேன். யாரும் துரத்தவில்லை. புருஷன் பேசுவதைப் பெண்டாட்டி பதிவு செய்கிற நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கவே கூடாது. எங்கள் கோப்பை விட்டு விலகியதாக நீ எழுதியபோது, பெரிய நேர்மை என்று நான் உதட்டைச் சுழித்தேன். உன்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் அவர் இப்போது நேராகவே சட்டையைக் கேட்கிறார்.

அண்ணி


ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணிக்கு,

விசாரணை முடிந்தது. அண்ணனின் உரிமம் ஆறு மாதத்துக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. தானே முன்வந்து படகை நிறுத்தியதால் ரத்து செய்யவில்லை. கண்ணாடிக்காரருக்கு எச்சரிக்கை. படிவத்தில் அடித்தகட்டுக்குப் புதிதாக ஒரு கட்டம் வந்திருக்கிறது. தக்க சமயத்தில் நடவடிக்கை எடுத்ததற்காக மேலதிகாரிக்குப் பாராட்டுக் கடிதம் கிடைத்திருக்கிறது. நீங்கள் சிரிக்கலாம். நான் சிரித்தேன்.

என்னிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள். 'மேற்படி கடிதம் தங்களுக்குக் கிடைத்த நாள்?' பதிவேட்டில் ஜூலை 11 என்று இருக்கிறது. அதையே எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தபால் முத்திரைத் தேதி இருந்த உறையை நான் கோப்பில் சேர்க்கவே இல்லை.

கிடைத்தது 7ஆம் தேதி. நாலு நாள் பையில் வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு எட்டு நடை. முப்பத்திரண்டு நடை அந்தப் படகு போய் வந்தது. உங்களுக்குக் கெடு வைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில், நீங்கள் எழுதிவிட்டால் அண்ணனைக் காட்டிக்கொடுத்தது நான் இல்லை என்று ஆகிவிடும் என்று காத்திருந்தேன். உங்களைக் கோழை என்று நீங்களே எழுதிய கடிதத்தை ஊருக்கெல்லாம் காட்டிவிட்டு, என் கோழைத்தனத்தை மட்டும் மறைப்பது எப்படி? நாலு நாள் என்று எழுதி, உறையையும் இணைத்துக் கொடுத்துவிட்டேன். அதற்காக என் மேல் துறை நடவடிக்கை வரும் என்கிறார்கள். வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை, 17ஆம் தேதி, அங்கே வரலாமா? அண்ணனுக்குச் சங்கடம் என்றால் பஸ் நிலையத்திலேயே உங்களையும் வாலுவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

சின்னு


ஆகஸ்ட் 13

சின்னு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு கரையேற்றிய படகுக்கே போனேன். உரிமம் இல்லாததால் உன் அண்ணன் இப்போது அங்கே வெறும் வேலையாள். புதிதாக வந்திருக்கும் பொறியாளர் சொல்லச் சொல்ல, துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறார். இந்த வேலையை வேறு ஆளிடம் விட மாட்டேன் என்று கேட்டு வாங்கினார். படகுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். நான் பக்கத்தில் ஒரு டின்மேல் உட்கார்ந்து வாசித்தேன். வெட்டும் சத்தம் நின்றுவிட்டது.

முடித்ததும் அடியிலிருந்தே கேட்டார். "நாலு நாள்னு அவங்க கண்டுபிடிச்சாங்களா, இவளாச் சொன்னாளா?"

"இவளாத்தான்."

கால்கள் மட்டும் தெரிந்தன. போய்விடலாமா என்று எழுந்தேன்.

"அக்கரையிலேருந்து பாலத்தைச் சுத்திக்கிட்டு பஸ்ல எதுக்கு வர்றா? ஒன்னாம் நம்பர்ல வரச் சொல்லு. அதை நான் போன வாரமே தட்டிப் பார்த்துட்டேன். பத்து மணிக்குத் துறையில நிக்கறேன்."

மறுபடி வெட்டும் சத்தம் ஆரம்பித்தது.

அண்ணி